அம்மை வார்த்த ட்ரெய்லரை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

வணக்கம் மக்களே. சத்தம் சரியாகக் கேட்கிறதா? காற்று இன்னும் முழுசாக அடங்கவில்லை, அதனால் மைக்கைச் சட்டைக்குள் சொருகியிருக்கிறேன். பின்னால் நிற்கிறதே, அதுதான் நம் ட்ராவல் ட்ரெய்லர், வண்டியில் கட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் ஆகாத மாதிரிதான் தெரியும். கேமராவைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறேன், வெயில் சாய்ந்து விழும் இந்தக் கோணத்தில் பாருங்கள். அம்மை வார்த்த முகம் மாதிரி இருக்கிறதா? இந்த ஒரு சுவரில் மட்டும் ஒடுக்குகளை எண்ண ஆரம்பித்தேன். 140 வரை வந்ததும் போதும் என்று விட்டுவிட்டேன்.

பதினோரு நாளுக்கு முன்னால் அடித்த ஆலங்கட்டி மழை. மொத்தமே ஒன்பது நிமிடம். நின்ற பிறகு வெளியே வந்து பெரிய கட்டி ஒன்றை எடுத்து ஸ்கேல் வைத்தேன், நாலரை சென்டிமீட்டர். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டியின் விட்டம் இரட்டிப்பானால் எடை எட்டு மடங்கு ஆகும். கனம் கூடுவதால் வேகமும் கூடும். ஆக, அடியின் பலம் சுமார் பதினாறு மடங்கு. சின்னக் கட்டி தகரத்தில் தாளம் போட்டுவிட்டுப் போகும், இது மாதிரிக் கட்டி குழி பறித்துவிட்டுத்தான் போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் இன்ஷூரன்ஸிலிருந்து போன். "உங்கள் ட்ரெய்லர் டோட்டல் லாஸ்" என்றார்கள். உள்ளே விளக்கு எரிகிறது, பம்பு ஓடுகிறது, படுக்கைகூட நனையவில்லை. இது எப்படி டோட்டல் லாஸ்? அரை மணி நேரம் எனக்குக் கோபம்தான். அப்புறம் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் புரிந்தது, அவர்கள் ட்ரெய்லர் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. கணக்கு கட்டுபடியாகவில்லை என்கிறார்கள், அவ்வளவுதான்.

என் தொகையைச் சொன்னால் உங்களுக்கு உபயோகம் இல்லை, அதனால் மழைக்கு முந்தின நாள் இந்த வண்டியின் சந்தை மதிப்பை 100 என்று வைத்துக்கொள்வோம். புதுசு வாங்கும் விலை இல்லை, தேய்மானம் கழித்த மதிப்பு. ரிப்பேருக்குப் பட்டறை கொடுத்த எஸ்டிமேட் 82. அடிபட்ட நிலையிலேயே ஏலத்தில் விட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கிடைப்பது 25. அதுதான் சால்வேஜ் மதிப்பு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதை இவர்கள் ஃபார்முலாவாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். 82-ம் 25-ம் சேர்ந்தால் 107. நூறைத் தாண்டிவிட்டது, டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டார்கள். சில இடங்களில் ரிப்பேர் செலவு மதிப்பில் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று சட்டமே கோடு போட்டிருக்கும். அங்கே இந்தக் கூட்டல்கூடத் தேவையில்லை.

அந்த 82 எங்கிருந்து வந்தது என்று எஸ்டிமேட்டை வரி வரியாகப் பார்த்தேன். முக்கால்வாசி சுவர்த் தகடு. நெளிநெளியான அலுமினியத் தகட்டில் காரைப் போல டிங்கரிங் செய்து ஒடுக்கு எடுக்க முடியாது, தகட்டையே மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் ஜன்னல், விளக்கு, ஓரப் பட்டை, கதவுச் சட்டம் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அத்தனையும் அழகுக்காக! ஒடுக்கு விழுந்த தகடு நல்ல தகட்டைப் போலவே மழையைத் தடுக்கும். ஆக அந்த 82-இல் நான் உண்மையிலேயே செய்தாக வேண்டிய வேலை எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இப்போது இரண்டு வழி. ட்ரெய்லரை அவர்களிடம் கொடுத்துவிட்டால் 100-இல் டிடக்டிபிள், அதாவது நம் தலையில் விழும் பங்கு, எனக்கு 5, அதைக் கழித்து 95 கைக்கு வரும். நானே வைத்துக்கொண்டால் சால்வேஜ் 25-ஐயும் கழித்து 70 வரும். "பணமும் வருது, வண்டியும் சும்மா கிடைக்குது" என்று நண்பர் ஒருவர் சொன்னார். சும்மா இல்லை. இந்த அம்மை வார்த்த வண்டியை நான் 25 கொடுத்து வாங்குகிறேன். அப்படி யோசித்ததும் மண்டை தெளிந்தது. முன்பின் தெரியாத யாரோ இதே நிலையில் இதை 25-க்கு விற்றால் வாங்குவேனா? வாங்குவேன் என்றால் என்னென்ன பார்த்து வாங்குவேன்?

அதற்கு முன்னால் ஒன்று. அவர்கள் சொல்லும் 100 கல்லில் எழுதியது இல்லை. எந்தெந்த வண்டிகளின் விலையோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டு வாங்குங்கள். எனக்கு அவர்கள் கொடுத்த மதிப்பீட்டு அறிக்கையில் கூரைமேல் இருக்கும் சோலார் பேனலே இல்லை. டயர் பழசு என்று போட்டிருந்தார்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் கடைசி நாலு இலக்கம்தான் அது பிறந்த வாரமும் வருடமும், 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். ஃபோட்டோ எடுத்து பில்லோடு அனுப்பினேன், மதிப்பைக் கொஞ்சம் ஏற்றினார்கள். நான் சொன்ன 100 ஏற்றிய பிறகு வந்த கணக்கு. சால்வேஜ் தொகையை எப்படிப் போட்டீர்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள்.

இப்போது கூரைக்கு வாருங்கள். ஏணியில் ஏறும்போது கேமரா ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கறுப்பு ரப்பர் விரிப்புதான் கூரை. நான் பயந்தது இதற்குத்தான், ஆனால் இது தப்பித்துவிட்டது. ரப்பருக்கு நெகிழ்வு இருப்பதால் அடியை வாங்கிக்கொள்ளும். கட்டி விழுந்த ஒவ்வொரு இடத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தும்போது வாய் பிளக்கிற மாதிரி விரிசல் எங்கேயும் இல்லை. போனதெல்லாம் பிளாஸ்டிக். இதோ, காற்றுப்போக்கியின் மூடி. வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது, மூன்று துண்டு. ஏசியின் மேல்கூடு உடைந்திருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் குளிர்விக்கும் குழாய்ச் சுருள் நசுங்கவில்லை. குளியலறைக்கு மேலே இருக்கும் இந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குமிழில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிகிறதா? இதுதான் ஆபத்து. உடைந்தது கண்ணுக்குத் தெரியும், உடனே தார்ப்பாய் போடுவோம். இந்தக் கோடு சத்தமில்லாமல் மாசக்கணக்கில் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும்.

ட்ரெய்லரைக் கொல்வது கட்டியும் இல்லை, காற்றும் இல்லை, தண்ணீர்தான். தகட்டுக்குப் பின்னால் இருப்பது மெல்லிய மரச்சட்டமும் ப்ளைவுட்டும். அதனால் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி, உள்ளே ஒவ்வொரு மூலையாக, ஒவ்வொரு ஜன்னலின் கீழாகக் குத்திக்கொண்டே வந்தேன். 11, 12, 12, 10. சந்தோஷமாக விசிலடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். வலது மூலை, ஜன்னலுக்குக் கீழே, 27.

இந்த எண்கள் சதவீதம், இருபதைத் தாண்டினாலே மரம் அழுகும் பாதையில் இருக்கிறது என்று அர்த்தம். விசில் நின்றுவிட்டது. வெளியே வந்து ஓரப் பட்டையைக் கழற்றினேன். முதல் ஸ்க்ரூ துருப்பிடித்துச் சிவப்பாக வந்தது. இரண்டாவது வரவே இல்லை, தலை மட்டும் கையோடு வந்தது. பின்னால் மரம் கறுத்திருந்தது, ஈர மண் வாசனை. பதினோரு நாளில் ஸ்க்ரூ இப்படி அரிக்காது. இது வருடக்கணக்கான கசிவு, மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் இத்தனை நாள் இதற்கு ஒரு முழம் தள்ளித் தலை வைத்துத்தான் தூங்கியிருக்கிறேன்.

அந்த ராத்திரி "கொடுத்துவிடுவோம்" என்றுதான் முடிவு. காலையில் குத்தூசியை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். கறுத்த இடத்தில் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஒரு ஜாண் தள்ளிக் குத்தினால் இறங்கவில்லை. மேலே, கீழே, தரைப்பலகையில் எல்லாம் குத்திப் பார்த்தேன், கெட்டிதான். ஆக அழுகல் ஒரு ஜாண் நீளம். அறுத்து எடுத்துப் புதுக் கட்டை வைக்கலாம், என்னால் முடிகிற வேலை.

வழவழப்பான ஃபைபர் கிளாஸ் சுவர் உள்ள வண்டி என்றால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். அதில் மெல்லிய ஃபைபர் தோல், அதன் பின்னால் ப்ளைவுட், அதற்குள் நுரைப் பலகை, எல்லாம் பசையால் ஒட்டிய அடுக்கு. தண்ணீர் போனால் பசை விட்டுவிடும், சுவர் அப்பளம் மாதிரி உப்பும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் உப்பல் நிழலாகத் தெரியும். அது தெரிந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள், ஒரு ஜாண் அறுத்துச் சரிசெய்யும் விவகாரம் இல்லை அது. மரம் விழுந்து நசுங்கியது, காற்றில் உருண்டது, இதெல்லாமும் அப்படித்தான். கதவுச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள், சமமாக இல்லையென்றால் கூடு முறுக்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியா, பக்கத்திலேயே போகாதீர்கள். வீல் பேரிங், பிரேக், ஒயரிங், தரைக்கு அடியில் இருக்கும் பஞ்சு, ஒன்றும் தேறாது.

காகித விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், எனக்கே அலுப்பு. வைத்துக்கொண்டால் பல இடங்களில் உரிமைப் பத்திரத்தில் சால்வேஜ் என்று முத்திரை விழும். ரிப்பேர் செய்து சோதனையில் காட்டினால்தான் ரோட்டில் இழுக்க விடுவார்கள், அப்போதும் முத்திரை முழுசாகப் போகாது, மறுசீரமைத்தது என்று மாறும். ஊருக்கு ஊர் விதி வேறு, உங்கள் ஊர் பதிவு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். விற்கும்போது விலை அடிவாங்கும். கடன் பாக்கி இருந்தால் காசு முதலில் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும், அவர் சம்மதம் இல்லாமல் வைத்துக்கொள்ளவும் முடியாது. எனக்குக் கடன் இல்லை.

என்னை இரண்டு நாள் தூங்கவிடாதது வேறு விஷயம். இனிமேல் இதற்கு இன்ஷூரன்ஸ் போட முடியுமா? போன் போட்டுக் கேட்டேன். நம்மால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் கவர் தருவார்களாம், வண்டிக்கே வரும் சேதத்துக்குக் கிடையாது. அடுத்த ஆலங்கட்டி மழை முழுக்க என் செலவு. இதை முடிவெடுத்த பிறகு கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன். காரணம் ரொம்பச் சாதாரணம், நான் இதை விற்கப்போவதில்லை. இரண்டு வருடத்தில் பெரிய வண்டிக்கு மாறும் எண்ணம் இருந்தால் அந்த 95-ஐ வாங்கிக்கொண்டு போயிருப்பேன். வரும் 70-இல் மூடிகள், குமிழ், மரம், சீலண்ட் (கசிவை அடைக்கும் பசை) எல்லாம் சேர்த்து 12-க்குள் முடியும், வேலை நானே செய்வதால். இன்னொரு 20-ஐத் தனியாகப் போட்டு வைக்கிறேன், இனி இந்த வண்டிக்கு அதுதான் இன்ஷூரன்ஸ். ஒடுக்குகள் அப்படியே இருக்கட்டும்.

கமெண்டில் "சிலிக்கான் அடிச்சா போதுமே" என்று எழுத ஏற்கெனவே யாரோ விரலைத் தூக்கியிருப்பீர்கள், தெரியும். ரப்பர் கூரையில் சிலிக்கான் வேண்டாம். அது ஒருநாள் உரியும், உரிந்த இடத்தில் அப்புறம் வேறு எதுவும் பிடிக்காது. விளிம்புக்கு அடியில் ப்யூட்டில் டேப் என்கிற ஒட்டும் ரப்பர் நாடா, மேலே தானாகப் பரவும் கூரை சீலண்ட், அவ்வளவுதான். பெட்ரோலியம் கலந்த எதையும் வைத்துத் துடைக்கவும் கூடாது, ரப்பர் ஊதிப்போகும்.

நாளை சாயங்காலத்துக்குள் இன்ஷூரன்ஸுக்குப் பதில் அனுப்ப வேண்டும், ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. மேற்கே மறுபடி கறுக்கிறது, அதற்குள் அந்தக் குமிழின்மேல் டேப் ஒட்டியாக வேண்டும். மூலைச் சட்டத்தை அறுப்பது அடுத்த வீடியோவில். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை, இரண்டு கையும் வேண்டும், அதனால் கேமராவை இங்கேயே நிறுத்துகிறேன்.