பவர் பட்டனை அழுத்தியும் கணினி எழவில்லையா? மின்சாரம் எதுவரை போனது என்று பாருங்கள்

[காட்சி: ஒரு மேசைக் கணினி. விரல் பவர் பட்டனை அழுத்துகிறது. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை.]

வணக்கம். நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய கணினி, இன்று காலை பட்டனை அழுத்தினால் கம்மென்று கிடக்கிறது. "எது போச்சு?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. மதர்போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி), ரேமா என்று ஊகிக்கத் தொடங்குவோம். ஊகத்தை நம்பி ஒரு பாகம் வாங்குவோம். அது இல்லை என்று தெரிந்ததும் இன்னொன்று.

இந்த ஊக வைத்தியத்தால் பணம் வீணாவதைப் பார்த்து எனக்கு மனது கஷ்டப்பட்டிருக்கிறது. என் சித்தி வீட்டில், பையன் படிப்பதற்காக வாங்கிய பழைய கணினி ஒன்று. எழவில்லை என்று ஒரு கடையில் காட்டினார்கள். மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போர்டுக்குக் கேட்ட விலை, கணினி வாங்கிய விலையைத் தொட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தோம். கேபினெட்டின் பவர் பட்டன் உள்ளே உடைந்து தொடர்பு விட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். ரீசெட் பட்டனின் வயரைக் கழற்றி, பவர் பட்டனுக்கு உரிய இரண்டு பின்களில் செருகினோம். இன்றைக்கும் அந்தக் கணினி ரீசெட் பட்டனை அழுத்தித்தான் எழுகிறது.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்போம். மின்சாரம் எதுவரை போய் நின்றது?

[காட்சி: சுவர் பிளக்கிலிருந்து திரை வரை ஒரு கோடு. ஒவ்வொரு இடமும் வரிசையாக ஒளிர்கிறது.]

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து 230 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகிறது. கணினி அணைந்திருக்கும்போதே எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸிடம் "எழுந்திரு" என்று சொல்கிறது. 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் வருகின்றன. அவை நிலைப்பட்ட பிறகு, 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் "எல்லாம் சரி" என்று எஸ்எம்பிஎஸ் பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் பிராசசர் ஓடத் தொடங்கும். அப்புறம் பயாஸ் (போர்டில் இருக்கும் தொடக்க நிரல்), ரேம், கிராஃபிக்ஸ், கடைசியாகத் திரை. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை இது. இன்றும் பெரும்பாலான மேசைக் கணினிகள் இப்படித்தான் எழுகின்றன.

கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உயிரைக் குடிக்கும். கேபினெட்டைத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு 10 செகண்ட் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டைத் தொட்டாலே சுர்ரென்று ஷாக் அடிக்கிறது என்றால், அந்த பிளக் பாயிண்ட்டில் எர்த் இல்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து அதை முதலில் சரி செய்யுங்கள்.

[காட்சி: கணினியின் பின்புறம். பவர் கேபிள், எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்ச்.]

சரி, முதல் வகை. அழுத்தினால் ஒன்றுமே இல்லை. ஃபேன் அசையவில்லை, விளக்கு வரவில்லை.

அந்த பிளக் பாயிண்ட்டில் ஒரு டேபிள் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதை விட்டுவிட்டு நேரடியாகச் சுவரில் செருகுங்கள். பேட்டரி போன யுபிஎஸ்ஸைக் கணினிப் பழுதென்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. பல மானிட்டர்களின் பவர் கேபிளும் கணினியின் கேபிளும் ஒரே வகைதான். மாற்றிச் செருகிப் பார்த்தால் கேபிள் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பின்னால் இருக்கும் குட்டி சுவிட்ச் யாரோ துடைக்கும்போது அணைந்திருக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ்களில் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று இன்னொரு சுவிட்ச் இருக்கும். நம் ஊரில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளிவிட்டுப் போட்டால் வெடித்துவிடும்.

இதெல்லாம் சரி என்றால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டியதுதான். சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி மூன்று வயர்களைத் தொட்டால், எஸ்எம்பிஎஸ்ஸா மதர்போர்டா என்ற சண்டை முடிந்துவிடும்.

[காட்சி: மதர்போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டர். பின்பக்கத் துளைகளில் மீட்டரின் முனை நுழைகிறது.]

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை ஏதாவதொரு கறுப்பு வயரில். பிளக்கைப் போட்டு, கணினியை ஆன் செய்யாமல், சிவப்பு முனையால் ஊதா வயரைத் தொடுங்கள். இதுதான் காத்திருப்பு மின்சாரம். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் காட்ட வேண்டும். சுவரில் மின்சாரம் இருந்தும் இங்கே பூஜ்யம் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 24 பின் கனெக்டரையும் பிராசசர் ஓரத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் கனெக்டரையும் போர்டிலிருந்து கழற்றிவிட்டு, மறுபடி பிளக்கைப் போட்டு அளந்து பாருங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. கழற்றியதும் 5 வோல்ட் வந்தால் போர்டு அதை இழுத்து அமுக்குகிறது.

ஊதா சரியாக இருந்தால், எல்லாக் கனெக்டர்களையும் பழையபடி செருகிவிட்டு, அடுத்து பச்சை வயர். சும்மா இருக்கும்போது இதில் உயர்ந்த வோல்ட் இருக்கும், பெரும்பாலும் 5-ஐ ஒட்டி. பவர் பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். மதர்போர்டு சொல்கிற "எழுந்திரு" இதுதான். பச்சை இறங்குகிறது, ஆனால் மஞ்சள் வயரில் 12 வோல்ட் வரவில்லை என்றால், எஸ்எம்பிஎஸ் கேட்டும் எழவில்லை; ஒன்று அது பழுது, அல்லது எங்கோ ஷார்ட் இருப்பதால் தன்னைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. பச்சை இறங்கவே இல்லை என்றால் பட்டனைச் சந்தேகப்படுங்கள். முன்பக்கப் பட்டனின் வயரை மதர்போர்டிலிருந்து கழற்றி, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கணினி எழுந்துவிட்டால் பட்டன்தான் பழுது. சித்தி வீட்டில் எங்களுக்கு விடை கிடைத்தது இந்த இடத்தில்தான். ஸ்க்ரூ டிரைவருக்கும் அசையவில்லை என்றால் மட்டும் மதர்போர்டைக் குறை சொல்லலாம்.

மூன்றாவது சாம்பல் நிற வயர். கணினி ஆன் ஆன பிறகு இதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் அனுப்பும் "எல்லாம் சரி" இதன் வழியாகத்தான் வருகிறது. சில சமயம் ஃபேன் எல்லாம் சுற்றும், இது மட்டும் வராது. பிராசசர் அசையாமல் காத்துக்கொண்டே இருக்கும். ஃபேன் சுற்றுவதை வைத்து எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மஞ்சள் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். புதிய எஸ்எம்பிஎஸ்களில் வயர்கள் எல்லாமே கறுப்பாக வரும். அப்போது 24 பின்னின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள்: ஊதா 9, பச்சை 16, சாம்பல் 8.

[காட்சி: ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது. மறுபடி அதே.]

இரண்டாம் வகை, ஃபேன் ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றுபோவது. இது பெரும்பாலும் ஷார்ட்டின் அடையாளம். முன்பக்க யுஎஸ்பி போர்ட்டுக்குள் நாக்கு உடைந்து பின்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். போர்டுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ விழுந்து கிடக்கலாம். ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, முன்பக்க வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். துள்ளாமல் ஃபேன் தொடர்ந்து சுற்றினால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகியதும் மறுபடி துள்ளுகிறதோ அதுதான் ஆள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கழற்றவும் செருகவும் வேண்டும். ஊதா வயரின் 5 வோல்ட் ரேம் ஸ்லாட் வரைக்கும் போகலாம் என்பதை மறக்காதீர்கள். சில செகண்ட் ஓடி அப்புறம் அணைந்தால் பிராசசர் ஃபேனைப் பாருங்கள். ஹீட் சிங்க்கின் ஒரு கிளிப் கழன்றிருந்தாலே சூடு ஏறி அணைந்துவிடும்.

[காட்சி: ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் "நோ சிக்னல்".]

மூன்றாவது வகைக்கு வருவோம். எல்லாம் ஓடுகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் கார்டில்தான் போக வேண்டும். பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் எத்தனை நாள் செருகி வைத்தாலும் படம் வராது.

அடுத்து ரேம். இங்கே நிதானமாக இருங்கள், ஏனென்றால் செலவே இல்லாமல் தீரும் பழுது இதுதான். கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பும் ஈரமும் ரேமின் தங்க நிறப் பட்டைகளில் படிந்துவிடும். ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் பட்டைகளை மெதுவாகத் தேயுங்கள். தூளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகள் ஒற்றை ரேமுக்குக் கேட்கும் இடம் அதுதான். டக்கென்று கிளிப் விழும் வரை அழுத்த வேண்டும். வரவில்லையா, மற்ற ரேமை மாற்றிப் போடுங்கள். அதுவும் இல்லை என்றால் ஸ்லாட்டை மாற்றுங்கள். டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கணினி என்றால் முதல் முறை பல நிமிடம் கறுப்புத் திரையோடு இருந்துவிட்டுத்தான் எழும். அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. சில பத்து ரூபாய்க்கு ஒரு குட்டி பஸ்ஸர் கிடைக்கும். அதை மதர்போர்டின் ஸ்பீக்கர் பின்னில் செருகி, ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப், பீப் என்று கத்தினால் மகிழ்ச்சியடையுங்கள். ரேம் இல்லை என்று புகார் சொல்ல வேண்டுமானால் பிராசசர் ஓட வேண்டும், பயாஸ் படிக்கப்பட வேண்டும். இரண்டும் உயிரோடு இருக்கின்றன என்று அந்தச் சத்தம் சொல்கிறது. பல புதிய போர்டுகளில் சத்தத்துக்குப் பதிலாக நான்கு குட்டி விளக்குகள் இருக்கும்: பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், பூட். எது எரிந்தபடி நிற்கிறதோ, வரிசை அங்கே நின்றுவிட்டது.

அப்படியும் வரவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சிஆர்2032 என்ற காசு போன்ற பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பயாஸில் யாரோ மாற்றி வைத்த அமைப்பு அழிந்துவிடும். 3 வோல்ட் பேட்டரி அது. பல வருடம் ஆகியிருந்தால் புதிதே போட்டுவிடுங்கள். உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசசர் என்றால் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் கேபிளைச் செருகிப் பாருங்கள். பிராசசர் ஓரத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் பவர் கனெக்டரும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமலும் ஃபேன் சுற்றும்.

திரையில் எழுத்து வந்து "டிஸ்க் இல்லை" என்று சொன்னால், உங்கள் கணினி எழுந்துவிட்டது. டிஸ்க்கின் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

[காட்சி: உச்சி உப்பிய கெப்பாசிட்டரின் அருகாமைப் படம்.]

மதர்போர்டில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அது பழுதுதான். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது ஒரு தொற்று போலவே பரவியிருந்தது. பிராசசர் தானாகச் சாவது அரிது. ஆனால் கழற்றி மாட்டியபோது பின் வளைந்து போவது அரிதல்ல, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

[காட்சி: ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதும் கை.]

இவ்வளவுக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் காகிதத்தில் இப்படி எழுதிக்கொண்டு போங்கள்: "ஊதா 5.05. பச்சை இறங்குகிறது. மஞ்சள் 12.1. சாம்பல் 5. ரேம் இல்லாமல் பீப் வருகிறது. இரண்டு ரேமையும் நான்கு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தேன், படம் இல்லை." அதைப் படிக்கிற மெக்கானிக் அண்ணன் எஸ்எம்பிஎஸ்ஸைத் தாண்டி, வரிசை நின்ற இடத்திலிருந்துதான் தொடங்குவார்.