வந்தாச்சா?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெரியோர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையில் பாதியைக் குறைத்துவிட்ட பேராசிரியர் அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைக் கவிஞர் என்று அறிமுகம் செய்தார். நான் பாட்டுக் கட்டுகிறவன், அவ்வளவுதான். ஆனாலும் அவர் வாயால் கேட்க நன்றாக இருந்தது, மறுக்கவில்லை.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். பயணத்திலும் உறவினர் வீட்டிலும் பாட்டு எங்கே கிடைக்கிறது, கிடைத்ததை எப்படிப் பிடித்துவைப்பது, எப்படி முடிப்பது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள். நான் அலைந்திருக்கிறேன். பாட்டெழுத அமைதி வேண்டுமென்று சித்தி வீட்டு மாடி அறைக்குப் போனேன். மூன்று நாள். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், அரை மணிக்கொரு தரம் சித்தப்பா எட்டிப்பார்த்து "வந்தாச்சா?" என்பார், ஏதோ தபால் வரவேண்டியதைப் போல. மூன்றாம் நாள் அவருக்கே இரக்கம் வந்து, கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

கிளம்பும்போது சித்தி, "பார்த்துப் போ, போய்ச் சேர்ந்ததும் சொல்லு" என்றார். செருப்பு மாட்டும்போது ஒருதரம், வாசலில் ஒருதரம், தெருமுனை திரும்பும்போது சத்தமாக ஒருதரம். பேருந்தில் ஜன்னல் கண்ணாடி தகதிமி தகதிமி என்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தில் சித்தியின் வார்த்தை தானாக வந்து உட்கார்ந்தது. பல்லவி! வார்த்தையில்லாமல் 'தன்னன தானன' என்று தத்தகாரம் போட்டுத் தொடையைத் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர், "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா தம்பி?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். என் போனில் அதுவும் பதிவாகியிருக்கிறது. இறங்கும் நேரத்தில் சித்தப்பா அழைத்தார். "வந்தாச்சா?" அவர் கேட்டது வீடு வந்து சேர்ந்ததைப் பற்றி. நான், "வந்தாச்சு சித்தப்பா, வந்தாச்சு!" என்று கத்தினேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 1970-ல் அமெரிக்காவில் பில் டானாஃப், டாஃபி நிவர்ட் என்ற பாட்டுக்காரர்கள் இருவரும் சொந்தக்காரர்கள் கூடும் இடத்துக்குக் காரில் போகிறார்கள். மேரிலாந்தில் கிளாப்பர் ரோடு என்ற சாலை. அங்கே முளைத்ததுதான் 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' என்ற பாட்டு. பாடகர் ஜான் டென்வரும் சேர்ந்து முடித்தார், 1971-ல் அவர் குரலில் வெளிவந்தது. பாட்டில் வருவது பக்கத்து மாநிலமான மேற்கு வர்ஜீனியா. 2014-ல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரப்பூர்வப் பாடல்களில் ஒன்றாக்கிக்கொண்டது!

சரி, பிடித்துவைப்பதற்கு வருகிறேன். வார்த்தையைத் துண்டுக் காகிதத்தில் எழுதலாம். ஸ்வரம் எழுதத் தெரியாதவர்களுக்கு மெட்டு காகிதத்தில் நிற்காது, குரலில்தான் நிற்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுக்கும் தாலாட்டு யார் போனிலாவது இருக்கிறதா? கையைத் தூக்குங்கள். நான்கு கை. போன கூட்டத்தில் மூன்று! என் பாட்டி பாடியதில் இரண்டு வரி எனக்கு ஞாபகம் இருக்கிறது, மெட்டு இல்லை. நான் எந்த மெட்டைப் போட்டாலும் அது பாட்டியுடையதாக இல்லை. வெண்ணெய் கையில் இருந்தபோது நான் நெய்க்கு அலைந்துகொண்டிருந்தேன். அடுத்த முறை ஊருக்குப் போனால், சொல்லிவிட்டே பதிவு செய்யுங்கள். வீடியோ வேண்டாம், கேமராவைக் கண்டால் தலையைச் சரிசெய்துகொண்டு பாட்டை மறந்துவிடுவார்கள். குரல் மட்டும் போதும். பெயரையும் தேதியையும் சேர்த்து வையுங்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை. தம் தாயார் இன்றும் பாடுவார் என்று அவர்தான் வரும் வழியில் சொன்னார். பதிவு செய்தீர்களா என்று கேட்டேன், சிரித்தார். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன் ஐயா. வணக்கம்.