யார் வழி சொன்னார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘இளைஞருக்கு ஏற்ற வேலை அமையாததற்குப் பெரிதும் காரணம் திறன் குறைவா, வழிகாட்டல் குறைவா?’ என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் நம் பிள்ளைகளை வறுத்தெடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆங்கிலம் வரவில்லையாம், கணினி தெரியவில்லையாம், நேர்காணலில் நிமிர்ந்து உட்காரக்கூடத் தெரியவில்லையாம். கைதட்டலும் வாங்கிவிட்டார். நான் கேட்கிறேன்: இதெல்லாம் வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள்? கல்லூரியின் கடைசி ஆண்டில், நிறுவனத்தார் நேர்காணலுக்கு வரும் வாரத்தில்தானே?

வழிகாட்ட அலுவலகமே இல்லையா என்றால், இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் அதன் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: ‘மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’. மக்களுக்கு அது இன்னும் ‘எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்’தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடித்தர 1945இல் தொடங்கிய ஏற்பாடு அது. பிறகு எல்லோருக்கும் பொதுவாயிற்று. அரசுத் துறை ஆள் கேட்கும், அலுவலகம் பதிவு மூப்புப்படி பெயர்களை அனுப்பும். 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்தப் பட்டியலை மட்டும் வைத்து ஆள் எடுக்கக்கூடாது, நாளிதழிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பித்தவர்கள் எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. பதிவு அட்டையின் பழைய மவுசு அதோடு இறங்கத் தொடங்கியது.

ஆனால் அந்தச் சேதி வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை, நடுவர் அவர்களே! 2023இல்கூட அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் அந்தப் பதிவேட்டில் இருந்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்ததும் பதிவு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு, ‘கடிதம் வரும்’ என்ற காத்திருப்பு. அதே கட்டடத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள். பதிவு செய்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பதிவும் இணையத்துக்குப் போய்விட்டதால், இப்போது அந்த வாசற்படியை மிதிக்க வேண்டிய தேவையும் இல்லை. அட்டை கைக்கு வந்துவிடுகிறது, ஆலோசனை மட்டும் வருவதில்லை.

அப்படியானால் நம் வீடுகளில் வழி சொல்பவர் யார்? சித்தப்பா! பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று மாலை அவர் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர் விவரிக்கும் வேலைச் சந்தை அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டோடு நின்றுவிட்டது. ஒரு காலத்தில் ‘மெக்கானிக்கல் படி, எங்கேயும் பிழைத்துக்கொள்வாய்’ என்றார். பிறகு ‘மெக்கானிக்கலா? ஐயோ வேண்டாம்’ என்றார். அவர் சொல்லுக்கு ஊரே கட்டுப்பட்டதுபோல, பல பொறியியல் கல்லூரிகளில் சிவிலும் மெக்கானிக்கலும் காற்று வாங்கின. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மின்வாகன ஆலைகள் எழும்பியதும் அதே காலத்தில்தான். இப்போது வீட்டுக்கு வீடு ‘ஏஐ’. அந்தப் பாடத்தில் என்ன படிப்பார்கள் என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள், சங்கடப்படுவார்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, பயிற்சி கொடுத்தால் போதும் என்றார். எந்தப் பயிற்சி, அம்மா? அதைத் தேர்ந்தெடுக்கத்தானே ஆள் வேண்டும்! மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 2022 மார்ச் 1ஆம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தங்கள் அணிக்குச் சான்றாகக் காட்டினார். அதே திட்டத்தின்கீழ் ‘உயர்வுக்குப் படி’ என்று முகாம்கள் நடக்கின்றனவே, அவை யாருக்காக? பள்ளியை முடித்துவிட்டு எங்கும் சேராமல் நின்றுபோன பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, உட்காரவைத்துப் பேசி, கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்த்துவிடுவதற்காக. கல்லூரி இருந்தது, இடமும் இருந்தது. கூப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லாததால்தான் அரசே தேடிப்போக வேண்டி வந்தது. சகோதரி காட்டிய சான்று எங்கள் அணிக்குத்தான் பேசுகிறது.

2024இல் அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு கூட்டினார்கள், இருக்கட்டும். எழுதியவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்தத் தேர்வில் பொறியாளர்களும் முதுகலைப் பட்டதாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் திறன் இல்லை என்று சொல்லப்போகிறீர்களா? அரசு வேலையை விரும்புவதில் தவறில்லை. ஆனால் அந்த ஒரு கதவை மட்டுமே பார்த்து நிற்கிறார்கள். ஆலையிலேயே வேலை பழக வழிசெய்யும் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1961 முதல் இருக்கிறது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. எல்லாம் உதவித்தொகை கொடுத்து அப்ரண்டிஸ் எடுக்கின்றன. பட்டதாரிகளுக்கும் பட்டயம் பெற்றவர்களுக்கும்கூட அதில் பிரிவுகள் உண்டு. நம் கல்லூரிகளில் எத்தனை அறிவிப்புப் பலகையில் இதைப் பார்த்திருக்கிறீர்கள்?

‘எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறது, தேடிக்கொள்ள வேண்டியதுதானே’ என்றும் எதிரணித் தலைவர் சொன்னார். நடுவர் அவர்களே, இந்த ஒரு வாதத்துக்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். 2022இல் அந்தக் கைப்பேசிக்குத்தான் ‘தாய்லாந்தில் வேலை, நல்ல சம்பளம்’ என்று விளம்பரம் வந்தது. நம்பிப் போன பிள்ளைகளை எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோனார்கள். அடைத்துவைத்து, இணையத்தில் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லிச் சித்திரவதை செய்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த பதின்மூன்று பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். அந்தக் கும்பல்கள் யாரைக் குறிவைத்தன? வெளியுறவு அமைச்சகம் அந்தச் செப்டம்பரில் விடுத்த எச்சரிக்கையே சொல்கிறது: தகவல் தொழில்நுட்பத் திறன் பெற்ற இளைஞர்களை. எதிரணி கேட்கும் திறன் அவர்களிடம் இருந்தது, ஐயா! திறன் இருந்ததால்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இத்தனைக்கும் தமிழ்நாடு அரசுக்கு அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்று 1978இலிருந்தே தனி நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணமே 30,000 ரூபாயும் வரியும்தான். அந்த இணையதளம் இருப்பதையும் இந்தத் தொகையையும் பள்ளியில் சொன்னார்களா, கல்லூரியில் சொன்னார்களா, வீட்டில்தான் யாருக்காவது தெரியுமா? நிலத்தை அடகு வைத்து முகவரிடம் லட்சக்கணக்கில் கொட்டிக்கொடுக்கும் குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு என் நேரத்தில் மிச்சமிருப்பதையும் தருகிறேன். அந்தக் குடும்பங்களில் குறைந்துபோன திறன் எது என்று அவர் முதலில் சொல்லட்டும், பிறகு தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.