எல்லாமே சட்டப்படி: எட்டாம் ஹென்றியின் கல்யாணங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி என்றதும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நினைவு வருவது ஆறு மனைவிகள், அதில் இரண்டு பேருக்குத் தலை போனது, அப்புறம் படங்களில் பார்த்த அந்தப் பருத்த உடம்பு. மறுகல்யாணத்துக்கு ஆசைப்பட்டார், போப் ஒத்துக்கொள்ளவில்லை, கோபத்தில் தனக்கென்று ஒரு சபையைத் தொடங்கிவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அது முழுப் பொய் இல்லை. ஆனால் ஆசைநாயகி வைத்துக்கொள்வது அந்தக் காலத்து ஐரோப்பிய ராஜாக்களுக்கு ஒரு விஷயமே கிடையாது. ஹென்றிக்கே எலிசபெத் பிளவுண்ட் என்பவர் மூலம் 1519இல் ஒரு மகன் பிறந்து, அவனுக்கு ஊரறிய ரிச்மண்ட் கோமகன் என்று பட்டமும் கட்டினார். வெறும் ஆசைக்காக ஒரு நாட்டின் மதத்தைப் புரட்ட வேண்டியதில்லை. இந்த மனிதருக்கு இன்னொரு வியாதி இருந்தது. தான் எதை விரும்பினாலும் அது நியாயம்தான் என்று வேதமும் சட்டமும் நாடாளுமன்றமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தக் கையெழுத்துகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கதை அண்ணனிடம் தொடங்குகிறது. பட்டத்து இளவரசர் ஆர்தர், ஸ்பெயின் ராஜகுமாரி ஆரகன் கேத்தரினை மணந்து ஐந்தே மாதத்தில், 1502 ஏப்ரலில் இறந்துபோனார். ஸ்பெயின் உறவை விட மனமில்லை, வந்த சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை. அதனால் விதவையைத் தம்பிக்கே நிச்சயம் செய்தார்கள். அண்ணன் மனைவியை மணக்கத் திருச்சபைச் சட்டத்தில் தடை உண்டு, அதற்கு போப் இரண்டாம் ஜூலியஸிடம் விலக்கு வாங்கினார்கள். 1509இல் ஹென்றி பதினேழு வயதில் ராஜாவானார், ஜூன் மாதம் கேத்தரினை மணந்தார். கிட்டத்தட்ட இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பல கர்ப்பங்கள் கலைந்தன, 1511 புத்தாண்டு நாளில் பிறந்த ஆண் குழந்தை இரண்டு மாதம்கூடத் தங்கவில்லை, 1516இல் பிறந்த மேரி மட்டும் பிழைத்தாள்.

1527 வாக்கில் ராஜாவுக்கு வேதாகமத்தில் லேவியராகமம் இருபதாம் அதிகாரம் கண்ணில் பட்டது. சகோதரன் மனைவியை எடுத்தவனுக்குப் பிள்ளை இராது என்கிற வசனம். மகள் இருக்கிறாளே என்றால், அது மகனைத்தான் சொல்கிறது என்று ஒரு விளக்கம். உபாகமம் இருபத்தைந்தாம் அதிகாரமோ, பிள்ளையில்லாமல் செத்த சகோதரனின் மனைவியைத் தம்பி மணக்க வேண்டும் என்றே கட்டளையிடுகிறது; அது யூதர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள். இதே சமயத்தில் அரண்மனையில் ராணியின் தோழிப்பெண்ணாக ஆன் போலின் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு ஹென்றி எழுதிய காதல் கடிதங்களில் பதினேழு இன்றும் இருக்கின்றன, எங்கே தெரியுமா, வாடிகன் நூலகத்தில். ஆனால் ராஜாவின் மனசாட்சி உறுத்தியது நாடகம் என்று நான் நினைக்கவில்லை. தன் மனசாட்சியைத் தன் விருப்பத்துக்குப் பின்னாலேயே நடக்கப் பழக்கியிருந்தார், அப்படிப்பட்டவர்தான் சுத்தமான வேஷதாரியைவிட ஆபத்தானவர்.

வேறொரு வருஷமாக இருந்திருந்தால் ரோமாபுரியில் இதைச் சத்தமில்லாமல் முடித்துக் கொடுத்திருப்பார்கள்; ராஜாக்களின் கல்யாணங்களைச் செல்லாது என்று அறிவிப்பது அங்கே புதிய வேலை இல்லை. ஆனால் 1527 மே மாதம் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடி, போப் ஏழாம் கிளமெண்ட் அந்தப் படையின் கைதியானார். அந்த சார்லஸ் வேறு யாருமில்லை, கேத்தரினின் அக்கா மகன். சித்தியை வீட்டைவிட்டு அனுப்ப அவர் சம்மதிப்பாரா? போப் இழுத்தடித்தார். 1529 ஜூனில் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில் இரண்டு கர்தினால்கள் முன்னால் வழக்கு நடந்தது. கேத்தரின் வழக்காடவில்லை. நேரே கணவர் முன்னால் போய் மண்டியிட்டு, உங்களிடம் வந்தபோது நான் கன்னியாகத்தான் வந்தேன், அது உண்மையா இல்லையா என்று உங்கள் மனசாட்சியே சொல்லட்டும் என்று பேசிவிட்டு எழுந்து வெளியே நடந்தார். திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. அந்தக் காலத்து அரசவையில் மனசாட்சி என்ற சொல்லை ராஜாவுக்கே திருப்பிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது.

வழக்கு முடியாமலே ரோமுக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பலி கர்தினால் தாமஸ் உல்சி, இப்ஸ்விச் ஊர்க் கசாப்புக்கடைக்காரர் மகனாகப் பிறந்து நாட்டையே நடத்தியவர். பதவி போய், தேசத்துரோக வழக்குக்காக லண்டனுக்குக் கொண்டுவரும் வழியில் 1530 நவம்பரில் இறந்தார். (இந்தக் கதையில் தாமஸ்கள் அதிகம், நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உல்சி, மோர், குரோம்வெல், கிரான்மர், போதாததற்கு ஆனின் அப்பாவும் தாமஸ், மாமாவும் தாமஸ்.) உல்சியின் வேலைக்காரராக இருந்த தாமஸ் குரோம்வெல் மேலே வந்தார். பட்னி என்ற இடத்தில் கொல்லுப்பட்டறைக்காரர் மகன். ராஜா ஆசைப்பட்டதை ஒவ்வொன்றாக நாடாளுமன்றச் சட்டமாக எழுதித் தந்தவர் இவர்.

முதலில் பணம். போப்பின் பிரதிநிதியாக இருந்த உல்சியின் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிந்தது குற்றம் என்று மொத்தக் குருமார் கூட்டத்தின் மேலும் பழிபோட்டு, 1531இல் ஒரு லட்சம் பவுன் வாங்கினார்கள். அந்தப் பிரதிநிதி பதவியை உல்சிக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்ததே இதே ராஜாதான்! 1533இல் மேல்முறையீடுகள் பற்றிய சட்டம்: இங்கிலாந்து தனக்குத்தானே ஒரு பேரரசு, இங்கே நடக்கும் வழக்கு வெளியே எங்கும் போகாது. தேசாபிமானம் ததும்பும் முன்னுரை, ஆனால் அவசரத் தேவை என்ன என்றால், கேத்தரின் ரோமில் முறையிட முடியாமல் செய்ய வேண்டும். ஏனென்றால் அந்த ஜனவரியிலேயே ஹென்றி ஆன் போலினை ரகசியமாக மணந்திருந்தார், அவர் கர்ப்பமாகவும் இருந்தார். மே மாதம் புதிய பேராயர் கிரான்மர் பழைய கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். செப்டம்பர் 7ஆம் தேதி குழந்தை பிறந்தது. பெண். எலிசபெத்.

1534இல் ராஜாவே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என்ற சட்டம் வந்தது. கூடவே வந்த தேசத்துரோகச் சட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பயங்கரமாகப் படுகிறது. அதுவரை துரோகம் என்றால் பெரும்பாலும் ஏதாவது செய்திருக்க வேண்டும்; இனி ராஜாவின் பட்டங்களை மறுத்து ஒரு வார்த்தை சொன்னாலே போதும், தலை போகும். முன்னாள் தலைமை அமைச்சர் தாமஸ் மோர் அதனால்தான் வாயே திறக்கவில்லை. அவர் சிறையில் இருந்தபோது தன்னிடம் தனியாக அந்தப் பட்டத்தை மறுத்துப் பேசியதாக ரிச்சர்ட் ரிச் என்ற ஒரே ஆள் சாட்சி சொன்னார், அது போதுமானதாக இருந்தது. 1535 ஜூலை 6ஆம் தேதி வெட்டினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் ரோச்செஸ்டர் ஆயர் ஜான் ஃபிஷர்.

சரி, ஆன் போலின். மூன்று வருஷம்கூட நிலைக்கவில்லை. 1536 ஜனவரியில் கேத்தரின் இறந்தார். அவரை அடக்கம் செய்த அதே நாளில் ஆனுக்குக் கரு கலைந்தது. மே மாதத்தில், சொந்தச் சகோதரன் உட்பட ஐந்து ஆண்களோடு சேர்த்து அவர்மேல் விபசாரம், ராஜாவைக் கொல்லச் சதி என்று குற்றம்சாட்டினார்கள். இது ராஜாவின் வெறுப்பா, மடங்களின் சொத்தை எதற்குச் செலவழிப்பது என்பதில் ஆனோடு மோதிய குரோம்வெல்லின் வேலையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டன என்பது என் எண்ணம். விசாரணைக்குத் தலைமை வகித்துத் தீர்ப்பு வாசித்தவர் நார்ஃபோக் கோமகன், ஆனின் சொந்தத் தாய்மாமன். இதிலும் ஒரு சட்ட வேடிக்கை உண்டு. தலையை வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் கிரான்மர் இந்தக் கல்யாணமும் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று அறிவித்தார். மனைவியே இல்லை என்றால் கணவனுக்குத் துரோகம் செய்தது எப்படி? கேட்க ஆளில்லை. மே 19இல் கலேயிலிருந்து வரவழைத்த வாள்காரர் வேலையை முடித்தார். மே 30இல் ஜேன் சீமோரோடு கல்யாணம்.

அந்த வருஷமே மடங்களை மூடுவதும் தொடங்கியது. ஆண்டுக்கு 200 பவுனுக்குக் கீழே வருமானம் உள்ளவை முதலில், அப்புறம் பெரியவை. 1540 மார்ச்சில் வால்தம் மடம் கடைசி. ஏறத்தாழ எண்ணூறு நிறுவனங்கள். துறவிகளிடம் ஒழுக்கம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். சில இடங்களில் உண்மையாகவும் இருந்திருக்கலாம், ஆனால் ஒழுக்கக்கேடு அத்தனை துல்லியமாக 200 பவுன் கோட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டது ஆச்சரியம்தான். கூரையில் இருந்த ஈயத்தைக்கூட உருக்கி விற்றார்கள். வடக்கே, மடங்கள்தான் ஏழைக்குச் சோறும் வழிப்போக்கனுக்குத் திண்ணையும் கொடுத்த யார்க்ஷயர் பக்கம், 1536 அக்டோபரில் ஜனங்கள் எழுந்தார்கள். ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர் தலைமையில், கிறிஸ்துவின் ஐந்து காயங்களை வரைந்த கொடியோடு, முப்பதாயிரம் பேருக்குக் குறையாது என்கிறார்கள். ராஜாவிடம் அவ்வளவு படை அங்கே இல்லை. அதனால் நார்ஃபோக் போய் மன்னிப்பும் தருகிறோம், யார்க்கில் நாடாளுமன்றமும் கூட்டுகிறோம் என்று பேசிக் கலைத்தார். ஆஸ்க் அந்தக் கிறிஸ்துமஸை அரண்மனையில் ராஜாவின் விருந்தாளியாகக் கழித்தார். அடுத்த ஜூலையில் யார்க்கில் அவரைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் ஹென்றி சீர்திருத்தக்காரரா? போப்பை எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கிய ஜெர்மானியர் மார்ட்டின் லூதரை எதிர்த்துப் புத்தகம் போட்டதற்காக 1521இல் போப்பிடமே விசுவாசத்தின் காவலர் என்ற பட்டம் வாங்கியவர் இவர், அந்தப் பட்டத்தின் முதலெழுத்துகள் இன்றும் பிரிட்டிஷ் நாணயத்தில் இருக்கின்றன. குரோம்வெல்லும் கிரான்மரும் சேர்ந்து ஒவ்வொரு கோவிலிலும் ஆங்கில வேதாகமம் வைக்கச் செய்தார்கள். உடனே 1539இல் ஆறு பிரிவுச் சட்டம் வந்து, அப்பமும் ரசமும் நிஜமாகவே கிறிஸ்துவின் உடலாகின்றன, குருமார் மணம் செய்யக்கூடாது என்றது. கிரான்மர் பாவம், ஜெர்மனியில் ரகசியமாகக் கட்டிய மனைவியை ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 1543இல், வேதாகமத்தைக் கூலிக்காரர்களும் சாதாரணப் பெண்களும் படிக்கக்கூடாது என்று இன்னொரு சட்டம்.

ஜேன் சீமோர் 1537 அக்டோபரில் எட்வர்டைப் பெற்றுப் பன்னிரண்டு நாளில் இறந்தார். அப்புறம் குரோம்வெல் ஜெர்மன் கூட்டாளி வேண்டும் என்று கிளீவ்ஸ் என்ற ஜெர்மன் சிற்றரசின் ராஜகுமாரி ஆன் என்பவரைக் கொண்டுவந்தார். அரண்மனை ஓவியர் ஹோல்பைன் வரைந்த படத்தைப் பார்த்துச் சம்மதித்த ராஜாவுக்கு ஆளை நேரில் பிடிக்கவில்லை. 1540 ஜனவரியில் கல்யாணம், ஜூலையில் ரத்து. அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை எதிர்க்காமல் ஒத்துக்கொண்டு, ரிச்மண்ட் மாளிகையும் நல்ல வருமானமும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்தார். ஆறு பேரில் புத்திசாலி இவர்தான். குரோம்வெல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. விசாரணையே இல்லாமல் நாடாளுமன்றத் தீர்மானத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்கும் முறையை மற்றவர்கள்மேல் பழக்கியவர் அவர், அதே முறையில் அவரும் போனார். சிறையிலிருந்து ராஜாவுக்கு எழுதிய கடிதம் இரக்கம், இரக்கம், இரக்கம் என்று முடிகிறது. ஜூலை 28இல் தலையை வெட்டினார்கள். அன்றைக்கே ராஜா கேத்தரின் ஹோவர்டை மணந்தார். இரண்டு நாள் கழித்து, லண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஒரே நாளில், லூதர் பக்கம் சாய்ந்த மூன்று பேரை எரித்தார்கள், போப்பை விடாத மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்த ராஜாவின் மதக்கொள்கை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த ஒரு நாளைத்தான்.

கேத்தரின் ஹோவர்ட் அதே நார்ஃபோக்கின் தம்பி மகள். கல்யாணத்துக்கு முந்தைய பழக்கங்களும் அப்புறம் நடந்த ராத்திரிச் சந்திப்புகளும் வெளியே வந்ததும் பெரியப்பா உடனே கைகழுவி ராஜாவுக்குக் கடிதம் எழுதினார். 1542 பிப்ரவரியில் அந்தப் பெண்ணுக்கும் தலை போனது. கடைசியாக வந்த கேத்தரின் பார் வேதம் படித்தவர், ராஜாவோடு மத விவாதம் செய்தவர்; ஆயர் கார்டினர் கூட்டம் அவரைப் பிடிக்கப் போட்ட திட்டத்திலிருந்து, உங்களிடம் கற்றுக்கொள்ளத்தான் வாதம் செய்தேன் என்று ராஜாவிடம் சொல்லித் தப்பியதாக ஜான் ஃபாக்ஸ் எழுதியிருக்கிறார். நார்ஃபோக்கின் கதையும் முடிகிற இடத்துக்கு வந்தது. மகனை 1547 ஜனவரி 19இல் வெட்டினார்கள், அப்பனுக்கும் தேதி குறித்தாகிவிட்டது, ஆனால் 28ஆம் தேதி அதிகாலை ராஜாவே இறந்துபோனதால் கிழவர் பிழைத்தார்.

தன் ஆத்துமாவுக்காகப் பூசை நடத்த உயிலில் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஹென்றி போனார், பழைய கத்தோலிக்க வழக்கப்படி. ஆனால் ஒன்பது வயது எட்வர்டின் பெயரில் ஆட்சி நடத்தியவர் ஜேனின் அண்ணன் எட்வர்ட் சீமோர். அந்த வருஷம் முடிவதற்குள் இறந்தவர்களுக்குப் பூசை செய்யும் அறக்கட்டளைகளைக் கலைக்கச் சட்டம் வந்தது, 1549இல் ஆங்கில வழிபாட்டு நூல் வந்தது. உண்மையான சீர்திருத்தம் அங்கேதான் தொடங்கியது. சென்னைக் கோட்டைக்குள் 1680இல் திறந்த புனித மேரி ஆலயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வாசித்த ஜெபங்களுக்கு மூலம் அந்த நூல்தான். அப்புறம் கேத்தரின் மகள் மேரி 1553இல் ராணியாகி எல்லாவற்றையும் ரோமுக்குத் திருப்பினார். நாடாளுமன்றம் போப்பை ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தது. ஒரே நிபந்தனை, அப்பா விற்ற மடத்து நிலங்களை வாங்கியவர்களிடமிருந்து ஒரு ஏக்கரைக்கூடத் திரும்பக் கேட்கக்கூடாது. போப்பின் பிரதிநிதி அதற்கும் விலக்கு எழுதிக் கொடுத்தார்.

வணக்கம்.