பக்கத்தில் நிற்கும் எதிராளி

வணக்கம், நேயர்களே.

வீடியோ கேம் என்றதும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பையன்தான் பலருக்கும் நினைவுக்கு வருவான். நான் இன்று பேசப்போவது இரண்டு பேர் இருந்தால்தான் களைகட்டும் சண்டை விளையாட்டைப் பற்றி. திரையில் இரண்டு உருவங்கள் எதிரெதிரே நிற்கும். அடி, உதை, தடுப்பு. மேலே ஆளுக்கொரு உயிர்க்கோடு. யாருடைய கோடு முதலில் தீர்கிறதோ அவருக்குச் சுற்று போயிற்று. விதி அவ்வளவுதான்.

1991-ல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஆர்கேட் கூடங்களில் காசு போட்டு, நின்றபடியே விளையாடும் பெட்டி. அதற்கு முன்பு அந்தக் கூடங்களில் பெரும்பாலும் இயந்திரத்தோடுதான் போட்டி. அதிக மதிப்பெண் எடுத்தால் திரையில் நம் பெயரின் எழுத்துகள் வரும், அதுதான் பெருமை. இந்த ஆட்டம் வந்தபிறகு எதிராளியின் முழங்கை நம் முழங்கையில் இடித்தது. தோற்றவர் விலக வேண்டும், வென்றவர் நிற்பார். அடுத்த ஆள் தன் காசைத் திரையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காசுதான் வரிசை. அமெரிக்கக் கூடங்களில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்த அடிகளைக் கோத்து, எதிராளி தடுக்க இடமே கொடுக்காமல் அடிப்பதைக் 'காம்போ' என்பார்கள். இன்று காம்போ இல்லாத சண்டை விளையாட்டு கிடையாது. அது திட்டமிட்டுச் செய்ததல்ல! நடுவே ஒரு காரை அடித்து நொறுக்கும் சுற்று வரும். அதைச் சோதித்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நொரிடாகா ஃபுனமிசு, ஒரு குத்து முடிவதற்குள் இன்னொரு குத்து நுழைவதைக் கவனித்தார். இதை யார் சரியான நேரத்தில் செய்யப்போகிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒருவர் செய்ய, தோற்றவர் பார்த்துக் கற்றார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பக்கத்தில் ஆள் இருந்தால்தான் இந்த ஆட்டம் வளரும்.

ஜப்பானில் இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகாக வைப்பார்கள். எதிராளி முகம் தெரியாது. ஆனால் ஜாய்ஸ்டிக் குச்சியை ஆட்டும் சத்தம் கேட்கும்.

சரி, போட்டிகளுக்கு வருவோம். 1996-ல் கலிபோர்னியாவின் சன்னிவேல் ஊரில், டாம் கேனன் என்பவரும் நண்பர்களும் ஒரு போட்டி வைத்தார்கள். மொத்தம் 40 பேர். அதுவே 2002-ல் 'எவோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று சண்டை விளையாட்டு உலகத்தின் மிகப்பெரிய திருவிழா அதுதான்.

இனி 2004-ம் ஆண்டின் எவோ. இதற்காகத்தான் நான் இந்த உரைக்கே ஒப்புக்கொண்டேன்.

ஆட்டம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்'. ஒருபக்கம் நியூயார்க்கின் சைனாடவுன் ஃபேர் கூடத்தில் வளர்ந்த ஜஸ்டின் வாங். இன்னொருபக்கம் ஜப்பானின் டைகோ உமெஹாரா. டைகோவின் உயிர்க்கோட்டில் மிச்சம் ஒரு நூல் அளவு. இந்த ஆட்டத்தில் சிறப்பு அடிகளைச் சரியாகத் தடுத்தாலும் கோடு கொஞ்சம் தேயும். அதாவது, தடுத்தாலே டைகோ தோற்றுவிடுவார்.

மிச்சமிருப்பது ஒரே வழி, பேரி. தடுப்பதற்குக் குச்சியைப் பின்னால் இழுக்க வேண்டும். பேரிக்கு, அடி வந்து விழுகிற நொடியில் எதிராளியை நோக்கி முன்னால் தள்ள வேண்டும். அடிக்கு முகம் கொடுப்பது மாதிரி. நேரம் தப்பினால் முழு அடி.

ஜஸ்டின் தன் பாத்திரமான சுன்-லீயின் சூப்பர் உதையை ஏவினார். 15 உதைகள். பக்கத்தில் மேஜை இருந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருங்கள், போதும். ஒரே தாளத்தில் தட்டாதீர்கள். உதைகள் சரசரவென்று வரும், நடுவில் சின்னதாக நிற்கும், மறுபடி சரசரவென்று வரும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தள்ளல். அதிலும் முதல் உதையைக் கண்ணால் பார்த்துத் தள்ள நேரமே கிடையாது. இப்போது ஏவுவான் என்று முன்கூட்டியே ஊகித்திருக்க வேண்டும். ஏவுவான் என்று எப்படித் தெரியும்? எதிரே இருப்பவனைப் படித்திருக்க வேண்டும்.

டைகோ அந்த 15 உதைகளில் ஒன்றைக்கூட வாங்கவில்லை. கடைசி உதையைத் தரையிலிருந்து எழும்பிக் காற்றிலேயே பேரி செய்தார். இறங்கி வந்து அடித்த காம்போவில் ஜஸ்டினின் கோடு தீர்ந்தது. அந்த வீடியோவில் ஐந்தாவது ஆறாவது உதையிலேயே கூட்டம் எழுந்து கத்த ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேனோ! ஒவ்வொரு முறையும் என் விரல் தானாகத் தட்டுகிறது.

அடுத்து நடந்த இறுதிப் போட்டியில் டைகோ தோற்றார், இன்னொரு ஜப்பானியரான கெஞ்சி ஒபாடாவிடம். அந்த ஆண்டு கோப்பை யாருக்கு என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று வராது. அந்த 15 உதைகள் மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். இணைய ஆட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். தூரத்திலிருந்து விளையாடினால் அழுத்திய பொத்தான் தாமதமாக எதிர்முனைக்குப் போய்ச் சேரும். டாமின் சகோதரர் டோனி கேனன் அதற்கு ஒரு தீர்வு எழுதினார். எதிராளி என்ன செய்வார் என்று இயந்திரமே ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். ஊகம் தப்பினால் சட்டென்று பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும்.

அப்புறம் 2019. பாகிஸ்தானின் லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் 'டெக்கன் 7' என்ற சண்டை ஆட்டத்தில், ஜப்பானில் நடக்கும் 'எவோ ஜப்பான்' போட்டியை வென்றார், அதே ஆண்டு அமெரிக்காவில் எவோவையும் வென்றார். எங்கள் ஊரில் இன்னும் பலமான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்றார். தென் கொரியாவின் முன்னணி வீரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டுப் பயணப்பை கட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கே போய், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினார்.

நேரம் முடிந்தது. வணக்கம்.