வெப்பமானி யாருடைய சூட்டைச் சொல்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் வெயிலைப் பற்றித்தான் பேச்சு. தகரக் கூரை போட்ட விறாந்தையில் தொங்கும் வெப்பமானி 42 பாகை செல்சியஸ் என்கிறது. செய்தியில் 36 என்கிறார்கள். குறைத்துச் சொல்கிறார்களாம், உடனே முறைப்பாடு! இரண்டு கருவிகளும் பொய் சொல்லவில்லை. எந்த வெப்பமானிக்கும் தெரிந்தது தன்னுடைய சூடு மட்டுமே. அதை எங்கே வைக்கிறோம், எவ்வளவு நேரம் வைக்கிறோம் என்பது நம் பொறுப்பு.

வெயிலில் காய்ந்த தகரம் கீழேயும் வெப்பத்தைக் கதிர்க்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் கண்ணாடிக் குமிழ், சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிடுகிறது. வானிலை நிலையங்களில் புல்தரையின் மேல் கால் ஊன்றி நிற்கும் வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானியை வைப்பது இதனால்தான். சாய்வுச் சட்டங்களின் இடுக்கில் காற்று புகும், வெயில் புகாது. பெட்டியை வடிவமைத்த தோமஸ் ஸ்டீவன்சன் ஸ்கொட்லாந்தில் வெளிச்சவீடுகள் கட்டிய பொறியியலாளர். நம் பாலமீன்மடு வெளிச்சவீட்டை அவர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அது 1913இல் எழுந்தது, அவர் 1887இலேயே மறைந்துவிட்டார்.

இனிக் காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானி. ஒரு பாகை சூடேறினால் அதனுள் இருக்கும் இரசம் (பாதரசம்) தன் கனவளவில் ஏறத்தாழ 5,500இல் ஒரு பங்குதான் விரியும். குமிழில் நிகழும் அந்த அற்ப விரிவு, மிக ஒடுங்கிய துளைக்குள் ஏறும்போதுதான் கண்ணுக்குத் தெரியும் உயரமாகிறது. குமிழுக்குச் சற்று மேலே துளை ஓரிடத்தில் நெரிந்திருக்கும். விரியும் இரசம் அதைத் தாண்டி ஏறிவிடும். வாயிலிருந்து எடுத்ததும் குமிழில் உள்ளது சுருங்க, நெரிந்த இடத்தில் இழை அறுந்து, மேலே போனது அப்படியே நிற்கும். ஆறுதலாக வாசிக்கலாம். மறுபடி இறக்கத்தான் தாதியர் அதை உதறுவார்கள்.

இரசம் நஞ்சு. இரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான மினமாட்டா சமவாயம் இத்தகைய வெப்பமானிகளின் உற்பத்திக்கு 2020ஐ எல்லையாக வைத்தது. வீட்டில் இருப்பது உடைந்தால் தும்புத்தடியைத் தொடாதீர்கள், மணிகள் இன்னும் சிதறும். கைபடாமல் தடித்த கடதாசியால் வழித்து, போத்தலில் இட்டு இறுக மூடுங்கள்.

இப்போது கடைகளில் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானியின் நுனியில் இருப்பது தெர்மிஸ்டர். சூடேற அதன் மின்தடை குறையும். அதுவும் தன் சூட்டைத்தான் சொல்கிறது. தேநீர் குடித்த கையோடு நாக்கின் கீழ் வைத்தால் தேநீரின் சூடும் சேர்ந்தே வரும். கால் மணி நேரமாவது பொறுங்கள்.

நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியோ தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. காத்தான்குடியிலிருந்து உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவருக்கு இல்லாத காய்ச்சலை அது காட்டக்கூடும்; வியர்வை காய்ந்து குளிர்ந்த நெற்றியில் இருக்கும் காய்ச்சலைத் தவறவும் விடும். அவரை நிழலில் இருத்தி, நெற்றியைத் துடைக்கச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள்.