வண்டி வந்துகிட்டே இருக்கு

(பண்ணைக்காட்டில் வாசகர் விழா ஒன்றில் பேசியது. கைதட்டலை மட்டும் நீக்கிவிட்டு எழுதியிருக்கிறேன். அதிகம் நீக்க வேண்டியிருக்கவில்லை.)

விழாவுக்குத் தலைமை வகிக்கும் தலைவர் அவர்களே, வரவேற்றுப் பேசிய தலைமையாசிரியர் அவர்களே, விடுமுறை நாளிலும் நமக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, தாண்டிக்குடியிலிருந்து பனியில் ஜீப் பிடித்து வந்திருக்கும் காப்பித் தோட்டத்துப் பெரியவர்களே, வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, பக்கத்திலேயே செயலாளரும் இருக்கிறார், விட்டால் கோபித்துக்கொள்வார், செயலாளர் அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. இந்தக் குளிருக்குக் கம்பளி என்றால் இன்னும் உருக்கமாக நன்றி சொல்லியிருப்பேன்.

'காதில் விழுந்தால் எரிச்சலூட்டும் சொற்கள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: மேடைக்காரர்கள், மலையேறி வரும் சுற்றுலாக்காரர்கள், பலகை மாட்டும் அலுவலகங்கள்.

முதலில் மேடை. "இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்" என்பவர் முக்கால் மணி நேரம் நிற்பார். "நேரமின்மை காரணமாக" என்று தொடங்கி, நேரம் ஏன் இல்லை என்று பத்து நிமிடம் விளக்குவார். 13-ஆம் நூற்றாண்டிலேயே, மைக் இல்லாத காலத்திலேயே, பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் 10 என்று அடுக்கிவிட்டார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று போகும் அந்தப் பட்டியல் 'நின்று பயனின்மை'யில் முடியும். நடுவில் ஒன்று 'மற்றொன்று விரித்தல்'. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை நீட்டுவது. அது எனக்கு உண்டு என்பது என் வீட்டாரின் கட்சி.

சரி, பலகைக்கு வருகிறேன். "ஆவன செய்யப்படும்." "நடவடிக்கை எடுக்கப்படும்." யாரால்? செயப்பாட்டுவினை என்றால் 'ஆல்' உருபு வரும் என்று ஆறாம் வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கம்பரால் பாடப்பட்டது, கரிகாலனால் கட்டப்பட்டது. அலுவலகத்துக்குப் போனதும் அந்த 'ஆல்' எங்கே தொலைந்தது? பெயர் எழுதினால் நாளை போய்க் கேட்பார்கள், அதனால்தான். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லும் பழமொழிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கருணைக்கிழங்கு நறுக்கியவர்களுக்குத் தெரியும், புளித்தண்ணீரில் கழுவினாலும் கை அரிக்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அடிவாரத்தில் ஒரு பேருந்து நிலையம், பெயர் வேண்டாம். இரவு 7.45-க்குக் கடைசி வண்டி. நான் 7 மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு ஆத்தா, மடியில் பிஸ்கட் அட்டைப்பெட்டி. பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே 20 கோழிக்குஞ்சு. ஓட்டைக்கு ஒரு மூக்கு எட்டிப் பார்க்கிறது. மணி 8 ஆனது. ஆத்தா டைம் கீப்பரிடம் கேட்டார். "வந்துகிட்டே இருக்கு ஆத்தா." 8.30-க்குக் கேட்டார். "வந்துகிட்டே இருக்கு." 9 மணிக்கும் அதே பதில், தலையைக்கூட நிமிர்த்தாமல். ஆத்தா பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

"ஏப்பா, வர்ற வண்டியப் பத்தி நீ சொல்ல வேணாம். அது வந்தா எனக்கே கண்ணு தெரியும். வராத வண்டிய வராதுன்னு சொல்லு, நான் எந்திரிச்சுப் போறேன்."

நிலையமே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து ஆத்தாவின் போன் அடித்தது. வீட்டிலிருந்து மருமகள். ஆத்தா சற்றும் யோசிக்காமல், "இந்தா, வந்துகிட்டே இருக்கேன்" என்றார்! நான் சிரித்ததில் பெட்டி குலுங்கி, 20 குஞ்சும் சேர்ந்து கத்தின.

10.30-க்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு ஜீப் பிடித்தோம். மலை ஏற ஏறக் குளிர். ஆத்தா பெட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். முதல் கொண்டை ஊசி வளைவில் கேட்ட சத்தம் போகப் போகக் குறைந்தது. ஊரில் இறங்கி, டார்ச் அடித்து எண்ணினோம். 17.

அந்தக் கடைசி வண்டியைத்தான் ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று மனு கொடுத்தேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "பரிசீலனையில் உள்ளது." இதுவும் வந்துகிட்டே இருக்கிற வண்டிதான். வாய் சர்க்கரை, அப்புறம் உங்களுக்கே தெரியும். நான் கேட்பது இரண்டு. இரவு 8.30-க்கு அடிவாரத்திலிருந்து ஒரு வண்டி. கீழே கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் அன்றே வீடு திரும்ப வேண்டும். இரண்டாவது, வண்டி ரத்தானால் 7 மணிக்குள் பலகையில் 'இன்று வராது' என்று எழுத வேண்டும். எழுதுகிறவர் கீழே பெயர் போட வேண்டும். தொலைந்த 'ஆல்' அங்கேயாவது கிடைக்கட்டும்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம் கருதி' என்று எழுதியிருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் தப்பித்தார்கள். நான்காவது மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். முதல் பக்கம் நிரம்பிவிட்டது, பின்பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.